வாள் வென்ற நிலமும் ஏடு காத்த மொழியும்

குளிர்காலத்து நீண்ட இரவுகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பது புலம்பெயர்ந்த வாழ்வில் நிலைத்துவிட்ட வழக்கங்களுள் ஒன்றாகும். ஆயினும் ஒரே நிகழ்ச்சியைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கும் வீடுகள் அருகியே வருகின்றன. பெரியவர்கள் தமிழ்த் தொடர்களை நாடுகின்றனர். இளையோர் தாம் கல்வி கற்கும் மொழியில் வெளிவருவனவற்றை நாடுகின்றனர். பெற்றோரையும் வளர்ந்த பிள்ளைகளையும் ஒரே இருக்கையில் இருத்தக்கூடிய படைப்புகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றாக 'வைக்கிங்ஸ்' என்னும் வரலாற்றுத் தொடர் நாடகத்தைத் தயக்கமின்றிக் குறிப்பிடலாம்.

மைக்கல் ஹேர்ஸ்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் படைத்த இத்தொடர், 2013ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி ஹிஸ்ரறி அலைவரிசையில் தொடங்கியது. ஆறு பருவங்களில் 89 அங்கங்களாக வளர்ந்து, 2020ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நிறைவெய்தியது. கனடாவும் அயர்லாந்தும் கூட்டாகத் தயாரித்த இத்தொடரின் பெரும்பகுதி அயர்லாந்தின் விக்லோ மலைப்பகுதியில் படமாக்கப்பட்டது. நோர்வேயின் கடல்நுழை குடாக்களாக நாம் திரையிற் காணும் நீர்நிலைகள் பல அயர்லாந்தின் ஏரிகளே.

இத்தொடர் பற்றி நமது பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நோர்வே, டென்மார்க், சுவீடன், பிரித்தானியா, பிரான்ஸ், கனடா என இக்கதை நிகழும் களங்கள் அனைத்தும் நம்மவர் இன்று வாழும் நாடுகளாகும். நமது பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் வீதிகளின் பெயர்களிலும், அவர்கள் நாளாந்தம் பேசும் சொற்களிலும் அந்த வடபுலத்தவரின் சுவடு கலந்திருக்கிறது. வாட்போரும் கப்பற்படையும் தொடரின் கவர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கவர்ச்சியின் அடியில், சொந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் மொழிக்கும் நினைவுக்கும் பின்னாளில் என்ன நேர்ந்தது என்ற வரலாறு கிடக்கின்றது. அதனையும் அறிந்து பார்ப்பவருக்கு இத்தொடர் இரட்டிப்புச் சுவை தரும்.

உழவன் ஒருவனின் கடற்கனவு

கதையின் நாயகன் றக்னார் லொத்புறொக், தொடக்கத்தில் அரசனுமல்லன், தளபதியுமல்லன். மனைவி லாகேர்த்தாவுடனும் இரு பிள்ளைகளுடனும் சிறு நிலத்தை உழுது வாழும் ஒரு குடியானவன். கோடைகாலத்தில் அவ்வூர்த் தலைவனின் ஆணைப்படி கிழக்கே பால்டிக் கரைகளைக் கொள்ளையிடச் செல்வான். அங்கே கொள்ளையிட இனி எதுவுமில்லை, மேற்கே செல்வோம் என்பது அவன் வாதம். தலைவன் மறுக்கிறான். மறைவாக ஒரு கப்பலைக் கட்டுவித்து மேற்கே புறப்படுகிறான் றக்னார். முதற் பருவத்தின் ஒன்பது அங்கங்களும் இந்த மீறலில் இருந்தே பிறக்கின்றன.

கப்பலைக் கட்டும் ஓடாவி புளோக்கி, தொடரின் மறக்கவொண்ணாத பாத்திரங்களுள் ஒருவன். சுவீடன் நாட்டு நடிகர் குஸ்தாவ் ஸ்கார்ஸ்கோர்ட் அப்பாத்திரத்துக்கு உயிரூட்டியிருக்கிறார். காட்டில் நிற்கும் மரத்தைத் தட்டிப் பார்த்து, அதனுள் உறங்கும் பலகைகளை அறிந்துகொள்ளும் காட்சி வெறும் கற்பனை அன்று. அக்காலக் கப்பல்கள் மரத்தை நார்வாக்கில் பிளந்தெடுத்த பலகைகளை ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று படியுமாறு அடுக்கி, இரும்பு ஆணிகளால் இறுக்கிக் கட்டப்பட்டவை. அதனால் கப்பல் பாரம் குறைந்ததாயும் அலைக்கு நெளிந்து கொடுப்பதாயும் இருந்தது. ஆழமற்ற ஆறுகளிலும் அது செல்லும், மணற்கரையிலும் ஏறும். 1880ஆம் ஆண்டு நோர்வேயின் கொக்ஸ்தாட் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கப்பலைப் போன்ற ஒன்றைக் கட்டி, 1893ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து காட்டினர் நோர்வேஜியர். இவ்வகைப் படகுகட்டும் மரபை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

லாகேர்த்தாவாக நடித்த கதரின் வின்னிக் கனடாவில் பிறந்தவர். கேடயமேந்திப் போர்முனையில் நிற்கும் அப்பெண்மணியை, 1200ஆம் ஆண்டளவில் சக்சோ என்ற டேனிய அறிஞர் இலத்தீனில் எழுதிய வரலாற்று நூலில் இருந்தே தொடர் பெற்றுக்கொண்டது. பெண்கள் உண்மையிற் போர்க்களம் சென்றனரா என்பது நெடுநாள் வாதம். சுவீடனின் பிர்கா என்னுமிடத்தில் 1878ஆம் ஆண்டு தோண்டப்பட்ட ஆயுதங்கள் நிறைந்த புதைகுழி ஒன்று, வீரன் ஒருவனுடையது என்றே கருதப்பட்டு வந்தது. 2017ஆம் ஆண்டில் மரபணுச் சோதனை அவ்வெலும்புகள் ஒரு பெண்ணுடையவை எனக் காட்டியது.

இரு மொழிகளுக்கு இடையே நின்றவன்

தொடரின் மிக நுட்பமான கூறு மொழியைக் கையாளும் முறையாகும். வடபுலத்தவர் தமக்குள் பேசும்போது நாம் ஆங்கிலத்தைக் கேட்கிறோம். சக்சனியர் தமக்குள் பேசும்போதும் ஆங்கிலத்தையே கேட்கிறோம். ஆனால் இரு சாராரும் நேருக்கு நேர் சந்திக்கும்போது ஒரு பக்கம் பழைய நோர்ஸ் மொழியாகவும், மறுபக்கம் பழைய ஆங்கிலமாகவும் ஒலிக்கிறது. சற்று முன்வரை நமக்கு நன்கு விளங்கிய ஒரு மனிதனின் பேச்சு, எதிராளியின் செவியில் வெறும் ஓசையாக மாறிவிடுவதை நாம் கண்முன்னே காண்கிறோம்.

அந்த இடைவெளியில் நிற்பவன் அதெல்ஸ்தான் என்ற இளந்துறவி. லின்டிஸ்பான் தீவு மடத்தில் இருந்து அடிமையாகக் கொண்டு செல்லப்பட்ட அவன், இரு மொழியும் அறிந்தவன் என்பதாலேயே உயிர் தப்புகிறான். றக்னாரின் வீட்டில் அடிமையாய் இருந்து, பின்னர் தோழனாகிறான். மீண்டும் தன் மக்களிடம் அகப்பட்டபோது துரோகியென அவர்களால் சிலுவையில் அறையப்படுகிறான். வெசெக்ஸ் மன்னன் எக்பேர்ட் அவனை இறக்கிக் காப்பாற்றித் தன்னிடமுள்ள உரோமானிய ஏடுகளை வாசிக்கச் செய்கிறான். வடபுலத்தவர் மத்தியில் அவன் கிறித்தவன். கிறித்தவர் மத்தியில் அவன் வடபுலத்தான். ஈற்றில் மூன்றாம் பருவத்தில், அவனை என்றும் ஏற்றுக்கொள்ளாத புளோக்கியின் கையால் இறக்கிறான்.

புகலிட விசாரணை அறையில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியே தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லி முடித்தவர்களுக்கு அதெல்ஸ்தானின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோருக்காக வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்த்தே வளர்ந்த பிள்ளைகளும் அவனை உடனே இனங்கண்டு கொள்வர்.

வரலாறு எங்கே, புனைவு எங்கே?

தொடரை வரலாற்றுப் பாடநூலாகக் கொள்ளுதல் தகாது. லின்டிஸ்பான் மடம் தாக்கப்பட்டது 793ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். றோலோ என்ற தலைவன் பிராங்கிய மன்னனிடம் நிலம் பெற்றது 911ஆம் ஆண்டில். இடையே 118 ஆண்டுகள் கடந்துள்ளன. ஆயினும் தொடரில் றோலோ, றக்னாரின் உடன்பிறந்தவன். இருவரும் ஒரே படகில் லின்டிஸ்பான் செல்கின்றனர். பாரிஸ் நகர் 845ஆம் ஆண்டிலும், மீண்டும் 885, 886ஆம் ஆண்டுகளிலும் முற்றுகையிடப்பட்டது. தொடர் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறது. காத்தேகாட் என்பது டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட ஒரு கடற்பகுதியின் பெயர். தொடரிலோ அது றக்னாரின் ஊர். மேற்கே நாடுண்டு என்பதை றக்னார் கண்டறிந்ததாகக் காட்டப்படுவதும் புனைவே. 793க்குச் சில ஆண்டுகள் முன்னரே மூன்று வடபுலக் கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரைக்கு வந்து, விசாரிக்கச் சென்ற அரச அதிகாரியைக் கொன்ற செய்தியை ஆங்கிலோ சக்சன் ஆண்டுக்குறிப்பு தருகிறது.

றக்னார் என்ற ஒரு மனிதன் இருந்தானா என்பதே ஆய்வாளர் ஒருமித்து விடைகூறாத வினா. பலருடைய செயல்கள் ஒருவன் பெயரில் திரண்டன என்று கருதுவோர் உளர். அவனை ஏலா மன்னன் பாம்புக் குழியில் எறிந்தான் என்பது பழங்கதை. ஆனால் அவன் மைந்தர் எனச் சொல்லப்படுவோர் வரலாற்றுக்குரியவர்கள். 865ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இறங்கிய பெரும்படை மறு ஆண்டு யோர்க் நகரைக் கைப்பற்றியதும், 867இல் ஏலா மன்னன் அவர்களுடன் பொருது மாண்டதும் மெய்.

இவற்றையெல்லாம் குறைகளாக எண்ணித் தொடரை ஒதுக்கவேண்டியதில்லை. மேடை நாடகத்திலும் கூத்திலும் காலத்தைச் சுருக்கியும் பாத்திரங்களை இணைத்தும் கதை சொல்லும் மரபை நாம் அறிவோம். ஒரு குற்றத்தை மட்டும் இத்தொடர் செய்யவில்லை. கொம்பு வைத்த தலைக்கவசத்தை எவர் தலையிலும் ஏற்றவில்லை. அக்கவசம் 1876ஆம் ஆண்டில் வாக்னரின் இசைநாடகத்துக்காகத் தைக்கப்பட்ட வேடத்தில் இருந்து பரவிய பிழை. மெய்யான வைக்கிங் தலைக்கவசம் எனத்தக்கது 1943ஆம் ஆண்டு நோர்வேயின் யேர்முண்பு பண்ணையில் கிடைத்தது; அதிற் கொம்பு இல்லை.

இனி, தொடரில் வரும் மூன்று பயணங்களைப் பின்தொடர்வோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை எதிர்காலத்தில் போய் முடிந்தது.

முதற் பயணம்: இங்கிலாந்து

றக்னாரின் உள்ளத்தில் இருந்தது பொன்னை விட நிலமே. எக்பேர்ட் மன்னனுடன் உடன்படிக்கை செய்து, வெசெக்ஸில் தன் மக்களுக்கு உழுநிலம் பெறுகிறான். குடும்பங்கள் வந்து இறங்கி உழத் தொடங்குகின்றன. றக்னார் ஊர் திரும்பியபின், மன்னனின் மகன் படையுடன் வந்து அக்குடியிருப்பைக் கொளுத்தி, குடியேறியவர்களைக் கொன்றொழிக்கிறான். உயிர் தப்பிய ஒருவன் கடல் கடந்து வந்து றக்னாரிடம் செய்தி சொல்கிறான். அச்செய்தி வெளியே தெரிந்தால் இனி எவரும் மேற்கே புறப்படமாட்டார் என்று அஞ்சி, அவனை றக்னாரே கொன்றுவிடுகிறான். தொடரின் பெரும் போர்க்களங்களை விட இச்சிறு காட்சியே நெஞ்சில் தங்குவது.

வெசெக்ஸ் குடியிருப்பு கற்பனை. ஆயினும் குடியேற்றம் கற்பனையன்று. 876ஆம் ஆண்டில் ஹல்ப்டான் என்ற தலைவன் நோர்தம்பிரிய நிலத்தைத் தன் படையினருக்குப் பங்கிட்டான் என்றும், அவர்கள் உழுது பிழைக்கலாயினர் என்றும் ஆண்டுக்குறிப்பு பதிவு செய்கிறது. வாளேந்தி வந்தவர்கள் ஏர் பிடித்தனர். அவர்கள் குடியமர்ந்த ஊர்கள் இன்றும் கிரிம்ஸ்பி, விற்பி, டார்பி என்றே வழங்குகின்றன. ஈற்றிலுள்ள 'பி' குடியிருப்பைக் குறிக்கும் சொல். நோர்வேயிலும் டென்மார்க்கிலும் நகரத்தை இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். யோர்க் நகரில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழ்வில் அவர்களது வீடுகளும் பட்டறைகளும் தோற் காலணிகளும் வெளிப்பட்டன.

அவர்களது மொழி என்னவாயிற்று? ஆங்கிலத்துள் கரைந்தது. முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்தியைக் குறிக்கும் 'நைவ்', சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ', கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்', சட்டத்தைக் குறிக்கும் 'லோ', அவர்கள் என்று பொருள்தரும் 'தே' ஆகியன யாவும் வடபுலத்தவர் விட்டுச்சென்றவை. இங்கிலாந்தில் வளரும் நமது பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அவர்களது மொழியிற் சில சொற்களைப் பேசுகின்றனர். பேசுவோர் மறைந்தனர், சொற்கள் பிறர் வாயில் வாழ்கின்றன.

இக்கலப்பு அமைதியாக நிகழ்ந்துவிடவில்லை. 1002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, இங்கிலாந்தில் வாழ்ந்த டேனியர் அனைவரையும் கொல்லுமாறு எதெல்ரெட் மன்னன் ஆணையிட்டான். ஒக்ஸ்போர்டில் தேவாலயத்துள் அடைக்கலம் புகுந்தவர்களை, வெளியேற்ற முடியாத கூட்டம் தேவாலயத்தோடு கொளுத்தியது. இச்செய்தி, இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தேவாலயத்துக்கு மன்னனே வழங்கிய சாசனத்தில் உள்ளது. அச்சாசனம் டேனியரைக் கோதுமைப் பயிரிடையே முளைத்த களைக்கு ஒப்பிடுகிறது. 2022 முதல் 2024 வரை மூன்று பருவங்களாக வெளிவந்த 'வைக்கிங்ஸ்: வல்ஹல்லா' என்ற வழித்தோன்றல் தொடர் இந்தப் படுகொலையில் இருந்தே கதையைத் தொடங்குகிறது.

இரண்டாம் பயணம்: நோர்மண்டி

றோலோ, அண்ணன் தம்பிப் பொறாமையில் வெந்த பாத்திரம். பாரிஸ் முற்றுகையின் பின் அவன் பிராங்கியரின் பக்கம் சேர்கிறான். மன்னன் தன் மகளையும் நிலத்தையும் தருகிறான். தலைமயிரைக் கத்தரித்து, அவர்களது உடையை அணிந்து நிற்கும் அவனைக் கண்டு அரண்மனை நகைக்கிறது. மனைவியாகியவளோ அவனை நெருங்கவும் விடவில்லை. ஆசான் ஒருவரிடம் மொழி கற்று, ஒருநாள் அவளது மொழியிலேயே அவளோடு பேசுகிறான். அவள் மனம் மாறுகிறது. புதிய நாட்டு மொழியின் முதல் வாக்கியத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்த எவரும் இக்காட்சியைப் புன்முறுவலின்றிக் காண்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்னரே அவன் தன்னோடு வந்த சொந்த மக்களின் பாசறையை அழிக்க உடன்பட்டிருந்தான் என்பதையும் தொடர் மறைக்கவில்லை.

வரலாற்று றோலோ 911ஆம் ஆண்டில் பெற்ற நிலமே வடபுலத்தவர் நாடு எனப் பொருள்படும் நோர்மண்டி. அங்கு நிகழ்ந்த மொழி மாற்றம் வியப்புக்குரியது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்மண்டி ஆட்சியாளரின் வேண்டுகோளுக்கு இணங்க அவர்களது வரலாற்றை எழுதிய துடோ என்ற மதகுரு ஒரு செய்தியைத் தருகிறார். றோலோவின் மகன் வில்லியம், தன் மகன் ரிச்சர்ட்டை டேனிய மொழி கற்பதற்காகப் பாயூ நகருக்கு அனுப்பினானாம். தலைநகராகிய றுவானில் பிரெஞ்சே மிகுதியாகப் பேசப்பட்டது; பாயூவில் டேனிய மொழி இன்னும் வழங்கியது என்பது அதற்குக் காரணம்.

றோலோவின் பேரன் பாட்டனின் மொழியைக் கற்க வேறு நகருக்குச் செல்லவேண்டியிருந்தது. நிலம் பெற்று ஒரு தலைமுறை கழிவதற்குள், ஆளும் குடும்பத்தின் நிலையே இது. துடோவின் கூற்றுகள் யாவற்றையும் ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. எனினும் மொழி நழுவிப் போவதை உணர்ந்த ஒரு தகப்பனின் பதற்றம் இச்செய்தியில் தெரிகிறது. சனிக்கிழமைக் காலையில் பனியிலும் மழையிலும் பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அப்பதற்றத்தை அறிவர்.

பாயூ நகரும் நெடுநாள் காத்துக்கொள்ளவில்லை. றோலோவை முதலாவதாக எண்ணினால் ஆறாவது தலைமுறையில் வந்த வில்லியம், 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்றபோது, அவனும் அவன் பிரபுக்களும் கொண்டுவந்த மொழி பிரெஞ்சு. முன்னோர் வாளால் பெற்ற சிறு நிலம் பேரரசாக விரிந்தது. அவர்களது மொழிக்கு எஞ்சியன ஈவ்தோ, பொல்பெக் போன்ற ஊர்ப் பெயர்களும் கடலோடும் சொற்கள் சிலவுமே.

மூன்றாம் பயணம்: ஐஸ்லாந்து

ஐந்தாம் பருவத்தில், மனைவியை இழந்து போரில் வெறுப்புற்ற புளோக்கி, சிறு படகில் தனியனாகப் புறப்பட்டு ஆளரவமற்ற ஒரு தீவை அடைகிறான். எரிமலையும் வெந்நீரூற்றும் பனியும் நிறைந்த அத்தீவைக் கடவுளர் உறைவிடமெனக் கருதிக் குடும்பங்கள் சிலவற்றை அழைத்துச் செல்கிறான். அங்கும் பழைய பகை தொடர்கிறது. தொடரில் பலர் இப்பகுதியைச் சோர்வு தருவதாகக் கருதுவர். அதனை அவசரமாகக் கடந்துவிடலாகாது என்பது எமது கருத்து. ஏனெனில் இத்தொடருக்கு மூலமாகிய கதைகள் பிழைத்தது அந்தத் தீவிலேயே.

மரபுப்படி 874ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக் குடியேற்றம் தொடங்கியது. அங்கு அரசன் இல்லை. 930ஆம் ஆண்டில் பொதுச் சபை ஒன்றை அமைத்தனர். சட்டம் முழுவதையும் மனனம் செய்த ஒருவர், ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக அதனைச் சபையில் ஓதினார். பின்னர் எழுத்து வந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி இலத்தீனில் வரலாறு எழுதிக்கொண்டிருந்த 12ஆம் நூற்றாண்டில், அரி என்ற மதகுரு தன் தாய்மொழியில் ஐஸ்லாந்து வரலாற்றை எழுதினார். குடியேறியோரின் பெயர்களையும் அவர்கள் எங்கிருந்து வந்து எந்நிலத்தைப் பெற்றனர் என்பதையும் தொகுத்த 'லாண்ட்நாமபோக்' என்ற நூலில் 3000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. நம்மை அடிமைகளின் வழிவந்தோர் எனத் தூற்றும் அந்நியருக்கு மறுமொழி கூறவேண்டுமாயின் நமது பூர்வீகத்தை நாமே அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்து, அந்நூலின் பிரதி ஒன்றிற் காணப்படுகிறது.

றக்னாரின் கதையும் 13ஆம் நூற்றாண்டில் இத்தீவிலேயே எழுதப்பட்டது. இதன் முக்கியத்துவத்தைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். வைக்கிங் காலத்தில் வாழ்ந்த வடபுலத்தவர் தம்மைப் பற்றி நூல் எழுதவில்லை. கல்லிற் சில வரிகள் பொறித்ததோடு நின்றனர். சுவீடனின் கிரிப்ஸ்ஹோமில் நிற்கும் கல் அத்தகைய ஒரு நடுகல். கீழைத்தேயப் பயணத்தில் மாண்ட மகனுக்காக, தோலா என்ற தாய் எழுப்பியது. இவை தவிர்த்தால், அவர்களைப் பற்றி அக்காலத்தில் எழுதியோர் பெரும்பாலும் அவர்களால் தாக்கப்பட்ட துறவிகள். லின்டிஸ்பான் செய்தியறிந்து பிராங்கிய அரசவையில் இருந்து கண்ணீர்க் கடிதங்கள் எழுதிய அல்குயின் அவ்வாறு எழுதியோருள் ஒருவர். அத்துறவிகளின் துயரம் மெய்யானது. ஆயினும் அவர்களது ஏடுகள் மட்டுமே எஞ்சியிருந்தால், வடபுலத்தவர் முகமற்ற கொள்ளையராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பர். மனைவியுடன் சச்சரவிடும் கணவனாக, மகனுக்குப் புத்தி சொல்லும் தகப்பனாக றக்னாரை நமது திரையிற் காண வழிசெய்தவை, வறிய தீவொன்றின் உழவர் வீடுகளிற் கன்றுத்தோலில் எழுதிக் காக்கப்பட்ட ஏடுகள்.

அவ்வேடுகளும் எளிதிற் பிழைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் தேடித் திரட்டிய ஆர்னி மக்னுசொன், ஆடை தைப்பதற்கான அளவுமாதிரியாக வெட்டப்பட்ட ஏட்டினையும் கண்டெடுத்தார். 1728ஆம் ஆண்டு கொப்பன்ஹேகனில் மூண்ட பெருந்தீயில் அவரது சேகரிப்பின் ஒரு பகுதி எரிந்தது. நூலகம் எரிந்த துயரை அறிந்த சமூகத்துக்கு இதன் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை. எஞ்சியவற்றைத் திருப்பித் தருமாறு ஐஸ்லாந்தியர் பல்லாண்டுகள் கேட்டனர். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, டென்மார்க்கின் கடற்படைக் கப்பலொன்று முதலிரு ஏடுகளுடன் ரெய்க்யவிக் துறைமுகத்தை அடைந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கரையில் திரண்டு நின்றனர். இன்று ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரே வாழும் அந்நாட்டில், பாடசாலை மாணவர் அப்பழங்கதைகளைச் சிறு உதவியுடன் மூலமொழியிலேயே வாசிக்கின்றனர்.

குடும்பமாகப் பார்ப்போருக்கு

சில எச்சரிக்கைகள் அவசியம். இத்தொடரில் குருதி பெருகும் காட்சிகளும், நரபலிக் காட்சியும், வயது வந்தோருக்கு மட்டுமே உரிய காட்சிகளும் உள்ளன. சிறுவர்களுக்கு இது உகந்ததன்று. போரை நேரிற் கண்டு வந்தவர்கள், எரியும் குடியிருப்புகளையும் சிதறியோடும் மக்களையும் காட்டும் பகுதிகளைத் தவிர்க்க விரும்பக்கூடும். கதைத்தொடர்ச்சி அதனாற் குன்றாது. மேலும் வைக்கிங் மக்களின் செல்வத்தில் ஒரு பெரும்பங்கு அடிமை வாணிபத்தால் வந்தது. டப்ளின் நகர் அவ்வாணிபத்தின் பெருஞ்சந்தையாக விளங்கியது. தொடர் இதனைப் போதிய அளவு காட்டவில்லை. றக்னாரின் வீரத்தை மெச்சும் பிள்ளைகளுக்கு இதனையும் எடுத்துச் சொல்லுதல் நன்று.

முதல் நான்கு பருவங்களே தொடரின் சிகரம். நான்காம் பருவத்தில், முதுமையடைந்த றக்னாரும் எக்பேர்ட்டும் மதுவருந்தியவாறு கடவுளைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் இரவு முழுவதும் உரையாடும் பகுதி, அண்மைக்காலத் தொலைக்காட்சி நாடகங்களில் அரிதாகவே காணக்கூடியது. டிரவிஸ் பிம்மல், லைனஸ் ரோச் ஆகிய இருவரும் குரலை உயர்த்தாமலே நடித்திருக்கின்றனர். றக்னாரின் மறைவுக்குப் பின் கதை அவன் மைந்தரிடம் பிரிந்து செல்கிறது. ஈவாராக நடித்த டேனிய நடிகர் அலெக்ஸ் ஹோக் அன்டர்சன் அப்பகுதியைத் தாங்கி நிற்கிறார்.

வாய்ப்புள்ளோர் தொடரைப் பார்த்தபின் மெய்யான சுவடுகளைத் தேடிச் செல்லலாம். டென்மார்க்கின் ரொஸ்கில்ட குடாவில் 1962ஆம் ஆண்டு மீட்கப்பட்ட ஐந்து கப்பல்களுக்கென அங்கே அருங்காட்சியகம் எழுப்பப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான ஒன்று, 1042ஆம் ஆண்டளவில் டப்ளினில் கட்டப்பட்டது. அதன் மறுவடிவம் 2007ஆம் ஆண்டு ரொஸ்கில்டவில் இருந்து டப்ளினுக்குப் பாய்விரித்துச் சென்றது. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் வடபுலத்தவர் குடில்கள் 1960ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. அங்கு கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது.

தொடரின் இறுதிக் காட்சியும் அக்கரையிலேயே அமைகிறது. றக்னாரின் மகன் உப்பேயும் முதிர்ந்த புளோக்கியும் புதிய நிலத்தின் கடற்கரையில் அமர்ந்து அலைகளைப் பார்த்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களுள் இருவரைத் தொடர் காட்டவில்லை: நோர்மண்டியை ஆளப் பிறந்தும் பாட்டனின் மொழியைக் கற்கப் பாயூ நகருக்குச் சென்ற சிறுவன் ரிச்சர்ட் ஒருவன், பனிக்கால இரவில் கன்றுத்தோலை விரித்து அம்மொழியிலேயே றக்னாரின் கதையை எழுதிவைத்த, பெயர் தெரியாத ஐஸ்லாந்தியன் மற்றவன். 89 அங்கங்களையும் பார்த்து முடித்த இரவில் இவ்விருவரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தமிழிலேயே சொல்லலாம்.